கலங்கரை விளக்கமும் கூரை ஒழுக்கும்

கண்டிக்குக் கலங்கரை விளக்கம் எதற்கு? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் மேலே குந்தியிருக்கிற ஊர். கப்பல் என்று சொல்லத்தக்கது ஏரியில் வெளிநாட்டுக்காரரை ஏற்றிச் சுற்றும் படகு மட்டும்தான். நிஜக் கலங்கரை விளக்கம் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே தெய்வேந்திரமுனைக்குப் போக வேண்டும். 49 மீற்றர் உயரம், 1890 முதல் எரிகிறது. இருந்தும் போன மழைக்காலம் முழுக்க அம்பிட்டியவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கலங்கரை விளக்கம் எரிந்தது. பெரும்பாலும் சிவப்பாக.

நான் முப்பத்திரண்டு வருடம் கணக்காய்வுப் பிரிவில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் எழுதிய வவுச்சரில் திகதி இல்லை, ஒப்பம் இல்லை, முத்திரை கோணல் என்று ‘ஓடிட் குவரி’ எழுதுவதுதான் தொழில். எத்தனையோ பேருடைய மத்தியானச் சாப்பாட்டைக் கெடுத்திருக்கிறேன். அந்தப் பாவமெல்லாம் திரண்டு ஒரு மென்பொருளாக வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டில் மேல்மாடியில் இரண்டு அறை சும்மா கிடந்தது. பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று மனைவி சொன்னாள். இணையத்தளம் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னேன். அக்கா மகன் காசு வாங்காமல் செய்து தந்தான். காசு வாங்காததால் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் போட்டுவிட்டான்: மேலிருந்து மல்லிகைப்பூ உதிரும், நாதஸ்வரம் ஒலிக்கும், மூலையில் ஒரு பெண் பொம்மை “வணக்கம், என்ன உதவி வேண்டும்?” என்று குதிக்கும், அடியில் இத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை ஓடும். எழுத்து பாமினியில் இருந்ததால் முதல் நாள் முழுத்தளமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. யுனிகோடுக்கு மாற்றிய பிறகு தமிழாயிற்று. எனக்கு அது கல்யாண மண்டபம் மாதிரி நிறைவாகத்தான் தெரிந்தது.

பேராதனையில் படிக்கிற மகள் லீவுக்கு வந்தவள், தன் போனில் தளத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அப்போதும் பக்கம் திறந்துகொண்டிருந்தது.

“அப்பா, இத லைட்ஹவுஸ்ல போட்டுப் பாத்தீங்களா?”

அப்படித்தான் அது வீட்டுக்குள் வந்தது. 2016 இல் கூகுள் வெளியிட்ட கருவி, இலவசம், குரோம் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் எஃப்-12 ஐத் தட்டினால் திறக்கிற பெட்டியில் பெயரைக் காணலாம். பொத்தானை அழுத்தினால் பக்கத்தை ஏற்றி இறக்கி, தட்டி, முகர்ந்து பார்த்து, நான்கு பாடத்துக்கு நூற்றுக்கு மார்க் போடும்: வேகம், எல்லாருக்கும் பயன்படுகிற தன்மை, நல்ல பழக்கவழக்கம், தேடலில் அகப்படுதல். 90 தொடக்கம் பச்சை. 50 இலிருந்து 89 வரை செம்மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு.

வேகத்தில் எனக்கு 23.

“கருவி பிழை” என்றேன். குவரி கிடைத்த ஒவ்வொரு உத்தியோகத்தரும் முதலில் என்னிடம் சொன்ன வாக்கியம் அதுதான். அவர்கள் அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை மகளுடைய முகத்தில் பார்த்தேன்.

என் வாதம் நியாயமானதுதான். வீட்டில் பைபர் இணைப்பு. என் கணினியில் தளம் ஓரளவுக்கு ஓடத்தான் செய்தது. ஆனால் லைட்ஹவுஸ் என் கணினியாக நின்று பார்ப்பதில்லை. நடுத்தர விலை மொட்டோரோலா போன் ஒன்றாக வேடம் போடுகிறது. செயலியின் வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைக்கிறது. செக்கனுக்கு 1.6 மெகாபிட் மட்டுமே வருகிற மெதுவான 4ஜி என்று வைத்துக்கொள்கிறது. அதாவது, ஹந்தானைச் சரிவில் ஏதோ ஒரு வளைவில், சூடேறிய போனைக் கையில் வைத்துக்கொண்டு, இரவு தங்க இடம் தேடுகிற ஒரு மனிதன். எங்களுக்கு வரக்கூடிய விருந்தாளியும் அவன்தானே.

முதல் குற்றவாளி ஏரி. முகப்புப் படமாக ஏரியைப் போட்டிருந்தோம். 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மூடி வெட்டுவித்த ஏரி. கரையில் அவன் தொடங்கிய முகில் மதில் இன்றைக்கும் முடியாமலே இருக்கிறது. நான் எடுத்த படமும் அப்படித்தான், பாதிக்கு மேல் இறங்காது. அகலம் 4000 புள்ளி, உயரம் 3000, எடை 8 மெகாபைட். அந்த ஹந்தானை மனிதனின் போனுக்கு அது போய்ச் சேர 40 செக்கன் ஆகும். கணக்கு நானே போட்டேன்: 8 மெகாபைட் என்றால் 64 மெகாபிட், அதை 1.6 ஆல் வகுக்க 40. முக்கியமான படம் இரண்டரைச் செக்கனுக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் எதிர்பார்ப்பு.

இதில் எனக்கு வேறொரு மனவருத்தமும் இருந்தது. யுனிகோடில் நம்முடைய ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும் என்று படித்து, தமிழில் எழுதியதால்தான் தளம் கனக்கிறது என்று நான்கு நாள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ‘கண்டி’ என்று தமிழில் எழுத 15 பைட், ஆங்கிலத்தில் 5 பைட். பார்த்தீர்களா அநியாயத்தை! மகள் கல்குலேட்டரை எடுத்தாள். “அந்த ஒரு ஏரிப் படத்துட எடைக்கு 26 இலட்சம் தமிழ்க் குறி எழுதலாம்ப்பா. உங்க தளத்தில எழுத்தே ரெண்டு பக்கம்தான்.” மொழிப்பற்றை அத்தோடு மடித்து வைத்தேன்.

படத்தை 1200 புள்ளிக்குச் சுருக்கி, வெப்பி என்ற வடிவத்துக்கு மாற்றியபோது 150 கிலோபைட்டுக்கு வந்தது. ஒரு செக்கனுக்குள் இறங்குகிறது. வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்புரை இருப்பதால் அதைச் சாட்சியமாக எடுக்க முடியாது. மனைவியின் கண்ணுக்கும் தெரியவில்லை, அதைத் தாராளமாக எடுக்கலாம்.

வெற்றி தலைக்கு ஏறியது. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்க ஒரு கட்டளை இருக்கிறது என்று படித்தேன். அதன் பெயரே ‘லேசி’, சோம்பேறி. பார்க்கிறவர் அந்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு வரும்வரை படம் அசையாது. இப்படி ஒரு தத்துவம் கணினித் துறையில் அங்கீகரிக்கப்பட்டிருப்பது தெரியாமல் இத்தனை வருடம் வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறேனே என்று நெஞ்சடைத்தது. எல்லாப் படத்துக்கும் போட்டேன், முகப்பில் முதலில் தெரிய வேண்டிய ஏரி உட்பட. மார்க் இறங்கியது. முன்னால் நிற்க வேண்டியதைச் சோம்பேறியாக்கக் கூடாதாம். அதற்கென்றே அறிக்கையில் தனியாக ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

“என்ன கட்டளை?” என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். சொன்னேன். “அதுக்குக் கட்டளை வேற வேணுமா?” என்றாள்.

அடுத்தது ஆட்டம். பக்கத்தைத் திறந்து ‘அறை ஒதுக்க’ என்ற பொத்தானை அழுத்தப் போவீர்கள். அந்த நொடியில் மேலே ஒரு படம் வந்து இறங்கும். பொத்தான் கீழே போகும். உங்கள் விரல் நாதஸ்வரத்தில் விழும். பந்தியில் வடைக்குக் கை நீட்டும்போது இலை அடுத்தவர் பக்கம் நகர்ந்த மாதிரி. இந்த நகர்வை ஒரு எண்ணாகக் கணக்கிடுகிறார்கள், 0.1 ஐத் தாண்டக் கூடாது, எங்களுடையது 0.6. பரிகாரம் என்னவென்றால், ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை முன்கூட்டியே எழுதிவிடுவது. படம் பிந்தி வந்தாலும் அதன் இடம் காலியாகக் காத்திருக்கும். கண்டி பஸ் நிலையத்தில் யன்னல் வழியாக லேஞ்சியை எறிந்து சீட் பிடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினொரு படத்துக்கும் லேஞ்சி போட்டேன். ஆட்டம் நின்றது.

மல்லிகைப்பூதான் மல்லுக்கட்டியது. பக்கத்தை வரைவது, பொத்தானை அழுத்தினால் பதில் சொல்வது, பூ உதிர்ப்பது, பொம்மையைக் குதிக்கவைப்பது எல்லாவற்றையும் உலாவிக்குள் ஒரே ஆள்தான் பெரும்பாலும் பார்க்கிறான். 50 மில்லிசெக்கனுக்கு மேல் ஒரே வேலையில் அவன் மூழ்கினால், மிச்ச நேரத்தையெல்லாம் ‘வழிமறித்த நேரம்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். வேக மார்க்கில் நூற்றுக்கு 30 பங்கு இதற்குத்தான், மற்ற எதையும்விட அதிகம். ஒரேயொரு கவுண்டர் இருக்கிற அலுவலகத்தில் அந்த ஒருவர் பேனையைத் தேடுகிறார். நாற்பது பேர் வரிசையில். வேலை செய்த காலத்தில் அந்த ஒருவராக நான் இருந்திருக்கிறேன், ஆகவே எனக்கு அவன்மேல் அனுதாபம் உண்டு. பூவை நிறுத்தினேன், பொம்மையை நீக்கினேன், வருகை எண்ணியையும் எடுத்தேன். (அது காட்டிய ஆயிரத்துச் சொச்சத்தில் முக்கால்வாசி நானே.) நாதஸ்வரத்தை நிறுத்தும்போது அக்கா மகன் போன் எடுத்து, “மாமா, செத்த வீடு மாதிரி இருக்கு” என்றான்.

ஆனால் மார்க் 71. மறுபடி ஓட்டினேன், 66. ஒன்றுமே மாற்றாமல் இன்னொரு தடவை, 74. எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போதும் இதேதான் நடக்கும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஐந்து தடவை ஓட்டி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கருவியைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உலாவியில் ஒட்டியிருக்கும் சில்லறை நீட்சிகள் குறுக்கிடாமல் மறைநிலைச் சாளரத்தில் ஓட்டுவது நல்லது. இரவு பதினொரு மணிக்கு ஒருவன் மறைநிலைச் சாளரத்தில் உட்கார்ந்திருப்பதை வீட்டில் விளக்குவது எவ்வளவு சிரமம் என்பதை மட்டும் அவர்கள் எழுதவில்லை.

வேகத்தை விட்டுவிட்டு மற்றப் பாடங்களைப் பார்த்தேன். வெள்ளையில் தங்க நிற எழுத்து போட்டிருந்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்றது. கறுப்பாக்கினேன். அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை உட்கார வைத்தது. இணைப்புகளின் வாசகம் விளக்கமாக இல்லையாம். எது என்று பார்த்தால் ‘மேலும் அறிக’. அதற்குக் கீழே, ‘தயவுசெய்து இங்கே அழுத்தவும்’.

நான் அசந்துபோனேன். அமெரிக்காவில் செய்த கருவிக்குத் தமிழ் எப்படித் தெரியும்? திறந்த மூலக் கருவி என்பதால் மகள் உள்ளே போய்ப் பார்த்தாள். சொல்லக் கூடாத வாசகங்கள் என்று சில மொழிகளுக்குப் பட்டியல்; தமிழுக்கும் இருக்கிறது; என்னுடைய இரண்டும் அதில் அப்படியே இருக்கின்றன. உலகத்தில் எத்தனையோ தமிழ் வாக்கியம் இருக்க, உதவாதவை என்று பொறுக்கியெடுத்த ஒரு கைப்பிடியில் நான் எழுதியது இரண்டு. ‘தயவுசெய்து’ போட்டது மரியாதைக்கு என்று சொல்லிப் பார்த்தேன். “எங்க போகும்னு சொல்லணும்ப்பா. ‘அறை வாடகை விவரம்’னு போடுங்க” என்றாள். போட்டேன். மரியாதை குறைந்தது, மார்க் கூடியது.

கடைசியாக, படங்களுக்கு மாற்று எழுத்து இல்லை என்றது. கண் தெரியாதவர்கள் போனை வாசிக்க வைத்துக் கேட்கிறார்கள்; படம் வந்தால் அதற்குப் பதிலாக வாசிக்க ஒரு வரி வேண்டும். இது சுலபம். ‘படம் 1’, ‘படம் 2’ என்று தொடங்கி ‘படம் 11’ வரை எழுதினேன். ஓட்டினேன். நூற்றுக்கு நூறு! பச்சை!

முப்பத்திரண்டு வருடம் செய்த தொழில், எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘காரணம் உண்டு’ என்று எழுதி அனுப்பிய ஒரு வவுச்சரை நான் கிழித்துத் திருப்பியிருக்கிறேன். லைட்ஹவுஸ் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். தமிழ்ப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று முதல் வரியில் எழுதி வைத்தாலும் அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். மொழி என்ற கட்டம் காலியில்லை, அவ்வளவுதான். 2019 இல் மனுவேல் மத்துசோவிச் என்ற இணைய உருவாக்குநர், யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தை வேண்டுமென்றே செய்து, இதே பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டினார். தானாகக் கண்டுபிடிக்கக்கூடியது ஒரு பகுதிதான், மிச்சத்தை மனிதர் பார்க்க வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அறிக்கையில் மார்க்கை மட்டும் பார்க்கிற ஆட்கள்மீது எனக்கு ஒரு காலத்தில் எவ்வளவு கோபம் வரும்!

மகள் என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். தன் போனில் வாசிப்பானை இயக்கி, பக்கத்தை ஓடவிட்டாள். “படம் ஒன்று” என்றது ஒரு பெண் குரல், தமிழ்நாட்டு உச்சரிப்பில், ஏதோ ரயில் அறிவிப்பது மாதிரி. “படம் இரண்டு. படம் மூன்று.” ஐந்தில் நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

ஆகவே எழுத உட்கார்ந்தேன். ஒரு படத்தைப் பார்த்து அதில் இருப்பதைச் சொல்வது சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். ஏரிப் படம்: ‘மேல்மாடியிலிருந்து ஏரிக் காட்சி.’ அது மேல்மாடி இல்லையே. அழித்துவிட்டு எழுதினேன்: ‘தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி நின்றால் பலாமரத்துக்கு இடப்பக்கம் தெரியும் ஏரியின் ஒரு துண்டு.’ எழுதிய கை நிற்கவில்லை. பழைய தொழில் மேலே வந்துவிட்டது. ‘முதல் அறை. இரட்டைக் கட்டில், நீல விரிப்பு; அலுமாரியின் வலது கதவு மூடாது.’ ‘குளியலறை. வெந்நீர்க் குழாய் இடது பக்கம், ஆனால் சிவப்புப் புள்ளி வலது பக்கக் குழாயில் இருக்கிறது.’ ‘இரண்டாம் அறை. தனிக் கட்டில் இரண்டு. யன்னலுக்கு மேலே சுவரில் ஒழுக்குக் கறை, ஏறக்குறைய இலங்கை வரைபட வடிவில்.’

மனைவி தோளுக்கு மேலால் வாசித்தாள். “உங்களுக்கென்ன விசரா? இதப் பாத்துட்டு யாரு வருவா?”

“இது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது” என்றேன். “உள்ளே மறைந்திருக்கும். படம்தான் தெரியும்.”

“அப்ப ஒழுக்க எப்ப பாப்பீங்க?”

“அது தனி விடயம்.” அந்த ஒழுக்கு மூன்று வருடமாக அவளுடைய அறிக்கையில் முதல் வரியில் இருக்கிறது. அவளும் தானியங்கிதான், தினமும் காலையில் ஒரு தடவை ஓடும். வண்ணம் ஒன்றே ஒன்று.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கணினிக்கான சோதனையில் நான்கு பாடத்திலும் நூறு வந்தது. அப்படி வந்தால் அறிக்கையின் மேல் வாணவேடிக்கை விடுவார்கள். நிஜமாக, திரையில், சத்தமில்லாமல். இரண்டு பேரையும் எழுப்பிக்கொண்டு வந்து காட்டினேன். மனைவி அரைக் கண்ணால் பார்த்துவிட்டு, “பெரஹரா முடிஞ்சிருச்சா? யானை போயிருச்சா? படுக்கலாமா?” என்றாள்.

மறுநாள் கூகுளின் இன்னொரு கருவியில் முகவரியைக் கொடுத்தேன். அது சோதனைச்சாலை மார்க்கோடு சேர்த்து, கடந்த 28 நாளில் நிஜ மனிதர்களுக்குத் தளம் எப்படி ஓடியது என்றும் காட்டும். எங்களுக்கு அந்தப் பகுதி காலி. போதிய தரவு இல்லையாம். பண்பான ஆட்கள், ஒருத்தரும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து போன் அடித்தது. மனைவி எடுத்து, கேட்டு, முகம் மாறி, ஸ்பீக்கரில் போட்டாள். யாழ்ப்பாணத்துக் குரல், வயதானவர்.

“பேத்திக்குப் பேராதெனியாவில பட்டமளிப்பு. ரெண்டு நாள் தங்கவேணும், தங்கச்சி. எனக்குக் கண் தெரியாது; என்ர போன்தான் எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லும். ஏழெட்டு இடம் கேட்டுப் பாத்தன், எல்லாம் ‘இமேஜ், இமேஜ்’ எண்டு கொண்டு நிக்குது. உங்கட பக்கம்தான் ஒழுங்காக் கதைச்சுது. சுடுதண்ணிக் குழாய் இடப்பக்கம் எண்டு சொன்னது நல்லாப் போச்சு, நான் கையைச் சுட்டிருப்பன். ஒண்டு மட்டும் கேக்கவேணும். ரெண்டாவது அறையில யன்னலுக்கு மேல ஒழுக்கு எண்டு கிடக்கு. அது இப்பவும் ஒழுகுதோ?”

மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி என்னைப் பார்த்தாள். கவனத்திற்கொள்ளப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீங்க வர்றதுக்குள்ள சரியாயிடும் ஐயா. அவர் இன்னைக்கு ஏறுறாரு.”

ஏணியைப் பக்கத்து வீட்டில் வாங்கினோம். ஓடு இரண்டு நகர்ந்திருந்தது. பீலி நிறையப் பலா இலை, அதற்கடியில் மகள் சின்ன வயதில் தொலைத்து அழுத ஒரு ரப்பர் பந்து. அதைக் கீழே போட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் பந்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து கேட்டாள்:

“அப்பா, அப்ப அந்த ஒழுக்குக் கறை வரிய எடுத்துரலாமா?”

“அவசரப்படாதே. முதலில் ஒரு மழை பெய்யட்டும்” என்றேன்.